எடுத்ததும் விட்டதும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "எதைப் பற்றி எழுதட்டும்?" என்றேன். "சங்க இலக்கியத்தைப் பற்றி மட்டும் மூன்று கட்டுரைகள் வந்திருக்கின்றன. அதை விட்டு வேறு எதை வேண்டுமானாலும் எழுது" என்றார். சங்க இலக்கியத்தை விட்டால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது கால்பந்து. அதுவும் ஆடத் தெரியாது, பேசத் தெரியும். பேச்சிலுங்கூட, ஆட்டம் நடக்கும்போது அருகிலிருந்து விமரிசிக்கும் திறமை எனக்கு இல்லை. ஆட்டமில்லாத மாதங்களில், எந்த அணி யாரை எடுத்தது, யாரை விட்டது, எடுத்தது சரியா, விட்டது முறையா என்று வழக்காடுகிறார்களே, அதில்தான் எனக்குத் தேர்ச்சி. அந்தக் கல்வியை நான் பெற்ற இடம் மதராசி கேம்ப்.

நம் பல்கலைக்கழக நண்பர்கள் பலர் அந்தப் பெயரை 2025 ஜூன் மாதத்துப் பத்திரிகைகளில்தான் முதன்முதலாகப் பார்த்திருப்பார்கள். ஜங்க்புராவை ஒட்டி, பாராபுல்லா வாய்க்காலின் கரையில் இருந்த தமிழர் குடியிருப்பு அது. 1960களின் இறுதியிலிருந்து பிழைப்புத் தேடித் தில்லிக்கு வந்த நம்மவர் கட்டிக்கொண்ட வீடுகள். வீட்டு வேலை, சமையல், கார் ஓட்டுவது, இஸ்திரி போடுவது என்று சுற்றுவட்டாரக் காலனிகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் ஆள் போகும். பாராபுல்லா என்றால் பன்னிரண்டு தூண் என்று பொருள் சொல்வார்கள். ஜஹாங்கீர் காலத்துப் பழைய பாலம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது, அதன் பெயர்தான் வாய்க்காலுக்கும் வந்தது. பெயரைப் போல வாய்க்கால் அவ்வளவு அழகாக இராது. அது கிடக்கட்டும். எங்கள் கேம்ப்பிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டியது. இராத்திரியில் ஆட்டம் இருந்தால் அதன் விளக்கொளி வானத்தில் பால் கொட்டினாற்போல் தெரியும்.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது எனக்கு வயது 11. அந்த ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு 'தில்லி டைனமோஸ்' என்ற அணி வந்தது. சென்னைக்கு 'சென்னையின் எஃப்.சி.' என்று ஒன்று வந்தது. (வேற்றுமை உருபோடு அந்தரத்தில் நின்றுவிட்ட அந்தப் பெயரைக் கண்டு எங்கள் தமிழாசிரியர் தலையில் அடித்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.) உடனே எங்கள் கேம்ப்பில் இரண்டு கட்சிகள் உண்டாயின. ஊரில் பிறந்து இங்கே வந்தவர்கள் எல்லோரும் சென்னைக் கட்சி. தில்லியில் பிறந்த பொடியன்கள் எல்லோரும் தில்லிக் கட்சி. ஒரே வீட்டில் அப்பா அந்தக் கட்சி, பிள்ளை இந்தக் கட்சி. சென்னைக் கட்சிக்குத் தலைவர் இஸ்திரிக்கார மாமா. என் தாய்க்குத் தம்பி முறை. விழுப்புரம் பக்கத்து ஊர்க்காரர். ஜங்க்புராவின் ஒரு சந்தில் மரத்தடியில் மேசை போட்டு இஸ்திரி போடுவார். தில்லிக் கட்சிக்குத் தலைவர் என்று யாரும் இல்லை. வாய் அதிகம் என்ற ஒரே தகுதியால் நான் முன்னே நின்றேன்.

அந்த லீக்கின் முதல் மூன்று ஆண்டுகளிலும் ஆட்டங்கள் அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். ஆடுவது மூன்று மாதம், சும்மா இருப்பது ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்தையும் வீணாக்காமல் காப்பாற்றியது எங்கள் பஞ்சாயத்து. இட்லிக்கடை அக்காவின் வாசலில் இரவு எட்டு மணிக்குமேல் கூடும். சட்டம் எளியது. ஆட்டமில்லாக் காலம் முடிவதற்குள் ஒவ்வொருவரும் 'நல்ல எடுப்பு' ஒன்றும் 'கெட்ட விடுப்பு' ஒன்றும் சொல்ல வேண்டும். இரண்டு அணிகளில் எதைப் பற்றியும் சொல்லலாம். அதை நான் என் பழைய கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வேன். பருவம் முடிந்ததும் நோட்டைத் திறந்து பார்த்து, யார் சொன்னது பொய்த்ததோ அவர் எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தரவேண்டும். தீர்ப்புச் சொல்வது அக்கா. அவருக்குக் கால்பந்து தெரியாது. அதனால் நடுநிலை தவறியதில்லை.

அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் டெல் பியேரோ. இத்தாலி நாட்டுக்காரர், 2006 உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். தில்லி அவரைக் கொண்டுவந்தபோது நாங்கள் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தோம். மாமா சட்டையை மடித்துக்கொண்டே, "பேரு பெருசுடா மருமவனே, காலு பழசு" என்றார். அந்த நவம்பரில் அவருக்கு 40 வயது நிரம்பியது. பருவம் முழுவதிலும் அவர் அடித்தது ஒரே ஒரு கோல். சென்னை எடுத்த எலானோவோ 8 கோல் அடித்து லீக்கிலேயே முதலிடம் பெற்றார். அந்த அக்டோபரில் எங்கள் ஸ்டேடியத்தில் தில்லி சென்னையை 4-1 என்று தோற்கடித்ததைச் சொல்லிச் சொல்லி நான் மானத்தைக் காத்துக்கொண்டேன். ஆயினும் நோட்டு நோட்டுதான். தேநீர் என் கணக்கு. காசு கொடுத்தது அப்பா.

2015-இல் என் அறிவு முற்றிவிட்டதாக நினைத்து, 'சென்னை மெண்டோசாவைத் திரும்ப எடுத்தது வீண்' என்று எழுதினேன். கொலம்பியாக்காரரான அந்த மெண்டோசா 13 கோல் அடித்தார். ஒரு கட்டத்தில் கடைசி இடத்தில் கிடந்த சென்னை, இறுதி ஆட்டத்துக்குப் போயிற்று. அந்த டிசம்பரைப் பற்றி எழுதாமல் போக முடியாது. சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. அரையிறுதியின் சொந்த மைதான ஆட்டத்தைச் சென்னையில் ஆட முடியாமல் புனேயில் ஆடினார்கள். சைதாப்பேட்டையில் இருந்த மாமாவின் தங்கைக்கு மூன்று நாள் தொலைபேசி கிடைக்கவில்லை. கேம்ப்பில் வீட்டுக்கு வீடு துணி சேர்த்தோம். மாமா அவ்வளவையும் இஸ்திரி போட்டு அடுக்கினார். "நனைஞ்ச ஊருக்குப் போறது மடிப்புக் கலையாம போவணும்" என்றார். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். 87-ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. அக்கா கடையைச் சாத்தப் போனார். 90-ஆம் நிமிடத்தில் கோவாவின் கோல்காப்பாளர் மேல் பட்டுப் பந்து உள்ளே போயிற்று. அடுத்த இரண்டு நிமிடத்தில் மெண்டோசா அடித்தார். 3-2. தில்லிக் கட்சிக்காரனாகிய நானும் அன்று கத்தினேன் என்பதை இந்தப் பக்கங்களில் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டு மெண்டோசா திரும்பி வரவில்லை, எலானோவும் இல்லை. எட்டு அணிகளில் சென்னைக்கு ஏழாம் இடம். தில்லியோ யாரும் கேள்விப்படாத மார்சலீன்யோ என்ற பிரேசில்காரரை எடுத்திருந்தது. எங்கள் நோட்டில் அவர் பெயரை நல்லதென்றும் எழுதவில்லை, கெட்டதென்றும் எழுதவில்லை. அவர் 10 கோல் அடித்து முதலிடம் பெற்றார். 2016 டிசம்பர் 14 அன்று எங்கள் ஸ்டேடியத்தில் கேரளத்தோடு அரையிறுதி. எங்களிடம் டிக்கெட் இல்லை. வெளியே வாயிலருகில் நின்று, ஆரவாரத்தைக் கேட்டே ஆட்டத்தைப் புரிந்துகொண்டோம். இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டினால் சமம், பெனால்டிக்குப் போயிற்று. தில்லி உதைத்த மூன்றில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. சுவருக்கு இப்பால் நின்ற எங்களுக்கு அந்த மூன்றும் மூன்று பெருமூச்சாகத்தான் கேட்டன.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணி செய்யக்கூடிய கெட்ட காரியம், உதவாத ஆட்டக்காரனை எடுப்பது அன்று. அது நஷ்டம், அவ்வளவே. அடுத்த ஆண்டு விட்டுவிடலாம். ஒன்றோடொன்று பழகிப்போன பதினொரு பேரை ஒரே கோடையில் கலைத்துவிடுவதுதான் கெட்டது. 2017-இல் தில்லி அதைத்தான் செய்தது. பயிற்சியாளர் சாம்பிரோட்டா போனார், மலூடா போனார், மார்சலீன்யோ புனேக்குப் போய்விட்டார். பத்து அணிகளில் தில்லி எட்டாவதாக வந்தது. 'மார்சலீன்யோவை விட்டது' என்று நோட்டில் நான் எழுதிய எழுத்து, தாளின் மறுபக்கத்தில் தடவினால் கைக்குத் தெரியும். அத்தனை அழுத்தம்.

அதே கோடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஜூலையில் நடந்த ஆட்டக்காரர் தேர்வில் நந்தகுமார் சேகர் என்ற சென்னைப் பையனைத் தில்லி எடுத்தது. கேம்ப்பின் சரித்திரத்திலேயே இரண்டு கட்சிகளும் ஒரே பெயரை 'நல்ல எடுப்பு' என்று எழுதியது அந்த ஓர் ஆண்டுதான். "பையன் எங்க ஊரு" என்றார் மாமா. "ஆடுறது எங்க ஊரு" என்றேன் நான். தமிழனாகப் பிறந்து தில்லிக்கு ஆட வந்தவன். எங்களில் ஒருவனாகவே அவனை நினைத்துக்கொண்டோம்.

சென்னை அந்த ஆண்டில் செய்தது வேறு விதம். ஜான் கிரிகரி என்ற ஆங்கிலேயர் பயிற்சியாளராக வந்தார். ஜெஜேயையும் கோல்காப்பாளர் கரஞ்சித்தையும் கையில் வைத்துக்கொண்டு, தற்காப்புக்கு மைல்சன், செரேனோ, கால்டெரோன் என்று ஆள் சேர்த்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு. மெண்டோசாவைப் போல் ஒருவனைக் கொண்டுவராமல் மதில் கட்டுகிறார்களே என்றோம். மாமா சொன்னார்: "கோல் போடுறவன வாங்குறவன் பணக்காரன். கோல் விழாம காக்குறவன வாங்குறவன் சம்சாரி." 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில், பெங்களூரின் சொந்த மைதானத்திலேயே, சேத்ரி அடித்த முதல் கோலுக்குப் பிறகு சென்னை 3-2 என்று வென்றது. அதில் இரண்டு, கார்னர் உதையிலிருந்து மைல்சன் தலையால் முட்டியவை. மதில் கட்ட வந்தவன் கோலும் அடித்தான்! அதற்கு நான்கு நாள் முந்தி, கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் வியாசர்பாடித் தனபால் கணேஷ் ஒரு கோல் போட்டிருந்தார். மாமா எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார், ஜெயித்தவர் கொடுக்க வேண்டியதில்லை என்ற சட்டத்தையும் மீறி.

கர்வம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 உதாரணம். 'இருப்பது போதும்' என்று சென்னை நினைத்ததோ என்னவோ. செரேனோ போனார். தனபால் கணேஷுக்கு முழங்காலில் அடி. சாம்பியனாக இருந்த அணி, அடுத்த பருவத்தில் 18 ஆட்டத்தில் 9 புள்ளிகளோடு கடைசி இடம். 'நல்லது: ஒன்றையும் பெரிதாக மாற்றாதது' என்று மாமா சொல்லி நான் எழுதிய வரி அங்கே பரிதாபமாக நிற்கிறது.

இனி 2019. ஆகஸ்டு மாதத்தின் கடைசி நாள். தில்லி டைனமோஸ் தில்லியை விட்டுப் புவனேசுவரத்துக்குப் போகிறது, இனி அதன் பெயர் ஒடிஷா எஃப்.சி. என்று செய்தி. யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்று ஐந்து ஆண்டுகளாக எழுதிவந்த என் நோட்டில் இதற்கு இடமே இல்லை. நந்தகுமார் இருந்தான், பயிற்சியாளர் கொம்பாவ் இருந்தார். விட்டது எங்களைத்தான். எந்த அணி செய்த எந்த மாற்றத்தைக் காட்டிலும் அதுதான் கெட்ட மாற்றம் என்று 16 வயதில் நான் தீர்மானித்தேன். இன்றும் என் கருத்து அதுவே. அணியின் கட்சிக்காரர்கள் கணக்கையும் பார்க்கவேண்டும் என்பார்கள். ஸ்டேடியம் பெரிது, கூட்டம் சிறிது, வாடகை அதிகம், அங்கே மாநில அரசு ஆதரவு தருகிறது. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். டிக்கெட் வாங்க முடியாமல் வெளியே நின்ற நாங்கள் எந்தக் கணக்கிலும் சேரவில்லை என்பதும் உண்மைதானே?

அன்று இரவு பஞ்சாயத்தில் மாமா கேலி செய்வார் என்று எதிர்பார்த்துப் பயந்துகொண்டே போனேன். அவர் பெஞ்சில் சற்று நகர்ந்து, "வாடா, இந்தப் பக்கம் வந்து உட்காரு. சென்னையும் நம்ம ஊருதான்" என்றார். நான் உட்காரவில்லை. "உங்க ஊரு மாமா. நான் பாத்தது கூட இல்ல" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. பொடியன்களில் பாதிப் பேர் அந்த ஆண்டே சென்னைக் கட்சிக்குப் போனார்கள். நான் நந்தகுமாரைப் பின்பற்றி ஒடிஷாவின் ஆட்டங்களைத் தொலைபேசியில் பார்த்துவந்தேன். மாமாவும் நானும் ஏறக்குறைய ஓராண்டு நோட்டைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டோம்.

அந்த ஓராண்டில் சென்னை வால்ஸ்கிஸ் என்ற லித்துவேனியாக்காரரையும் கிரிவெல்லாரோவையும் எடுத்தது, என் கணிப்பில் அவர்கள் செய்த எடுப்புகளிலெல்லாம் சிறந்தது. முதல் 6 ஆட்டத்தில் ஒரே வெற்றி. கிரிகரி போனார், ஸ்காத்லாந்துக்காரர் ஓவன் காயில் வந்தார். வால்ஸ்கிஸ் 15 கோல். 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவின் காரணமாக ஆளில்லாத கோவா மைதானத்தில், இறுதி ஆட்டத்தில் கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றார்கள். பிறகு அந்தக் கோடையில் காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் கூடவே போனார். சென்னையின் கெட்ட விடுப்பு எது என்று கேட்டால் மாமாவும் நானும் இதில் மட்டும் ஒரே வாக்கு. காயில் ஜாம்ஷெட்பூரை 2021-22-இல் லீக்கின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். சென்னை மூன்று ஆண்டுக்கு மூன்று பயிற்சியாளரை வைத்து, மூன்று முறையும் எட்டாம் இடம். மாமாவுக்கு எட்டு என்ற எண்ணே பிடிக்காமல் போயிற்று.

2023 கோடையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 2016 முதல் இருந்த அனிருத் தாப்பாவைச் சென்னை மோகன் பகானுக்குக் கொடுத்தது. காயில் திரும்பி வந்தார். நந்தகுமார் ஒடிஷாவை விட்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், ஆகஸ்டு 12 அன்று டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தான். நள்ளிரவில் மாமா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "பாத்தியா உன் ஆள?" என்றார். 'உன் ஆள்' என்றுதான் சொன்னார். அதைக் கேட்டதும் நான்காண்டு மனத்தாங்கல் போயிற்று.

2025-க்கு வருகிறேன். சென்னை அந்தப் பருவத்தைப் பதினோராம் இடத்தில் முடித்திருந்தது. சொல்ல எங்களுக்கு நிறைய இருந்தது. ஆனால் மே மாதத்திலேயே நீதிமன்ற உத்தரவு வந்துவிட்டது. வாய்க்கால் அடைபட்டு மழைக்காலத்தில் வெள்ளம் ஏறுகிறது, ஆகவே கரையிலுள்ள குடியிருப்பை அகற்ற வேண்டும் என்று. சுமார் 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்கு நரேலாவில் மாற்று வீடு பெறும் தகுதி உண்டு, மற்றவர்களுக்கு இல்லை என்று பட்டியல் வந்தது. ஜூன் 1 அன்று இடித்தார்கள். ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. சிலர் அதை யோசித்தார்கள்.

பட்டியலில் மாமாவின் பெயர் இருந்தது. எங்கள் பெயர் இல்லை. அதைப் பற்றி இங்கே வழக்காட நான் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் வாடகைக்கு ஓர் அறை பார்த்துப் போனார்கள். லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் தங்கைக்காக அது பக்கத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. அந்த வாடகையைச் சொன்னால் இந்தப் பக்கத்தின் அழகு கெடும். இட்லிக்கடை அக்கா தென்னார்க்காட்டுக்கே போய்விட்டார். போகும்போது, "நோட்ட பத்திரமா வெச்சுக்கோ தம்பி, எத்தன டீ பாக்கின்னு நான் வந்து கேப்பேன்" என்றார்.

மாமா ஊருக்குப் போகவில்லை. "போங்க மாமா, சென்னைக்கே போயிடலாம், ஆட்டமும் நேர்ல பாக்கலாம்" என்று நானே சொன்னேன். அவர் வாடிக்கைக்காரர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். பஞ்சாபி அம்மாவின் பருத்திச் சேலை, டாக்டரின் வெள்ளைக் கோட்டு, மாடியில் இருக்கும் பெங்காலிக்காரரின் குர்த்தா. "எனக்கு இதுதாண்டா மைதானம்" என்றார். நரேலாவிலிருந்து ஜங்க்புரா ஏறக்குறைய 40 கிலோமீட்டர். விடிவதற்கு முன்னே எழுந்து பஸ் பிடித்து, மஞ்சள் தடத்தில் மெட்ரோ ஏறி, சென்ட்ரல் செக்ரடேரியட்டில் இறங்கி, ஊதாத் தடத்துக்கு மாறி வந்து சேருகிறார்.

அந்த ஜூலையில் பஞ்சாயத்தைத் தொலைபேசியில் நடத்தினோம். ஒருவர் நரேலாவில், ஒருவர் வாடகை அறையில், இருவர் ஊரில், நான் விடுதியில். பேசத் தொடங்கினால் பேச ஒன்றுமில்லை. லீக் நடத்தும் நிறுவனத்துக்கும் இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் இருந்த 15 ஆண்டு ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிய இருந்தது; புது ஒப்பந்தம் ஆகவில்லை; ஆகவே பருவத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் அடுத்த ஆண்டு எங்கே ஆடுவோம், ஆடுவோமா என்று தெரியாமல் காத்திருந்தார்கள். "இந்த வருஷம் எடுப்பும் இல்ல, விடுப்பும் இல்ல. எல்லாரும் நடுத்தெருவுல" என்று ஊரிலிருந்து ஒருவர் சிரித்தார். நரேலாவிலிருந்து சிரிப்புக் கேட்கவில்லை. சிக்னல் கிடைக்கவில்லையோ என்னவோ.

அக்டோபரில் ஒரு நாள் மாமாவே அழைத்தார். "மருமவனே, உன் ஊருக்கு டீம் வந்துடுச்சாமே!" என்றார். ஆம், ஹைதராபாத் எஃப்.சி.யைத் தில்லிக்கு மாற்றி, 'ஸ்போர்ட்டிங் கிளப் தில்லி' என்று பெயரிட்டிருந்தார்கள். அந்த அணியின் பூர்வோத்தரம் எனக்குத் தெரியும். 2017-இல் மார்சலீன்யோ போய்ச் சேர்ந்த புனே அணி, தில்லி அணி போன அதே 2019 ஆகஸ்டில் முடிந்துபோயிற்று. அதன் இடத்தில் வந்ததுதான் ஹைதராபாத். மார்சலீன்யோவும் அங்கே ஆடினார். 2022 மார்ச்சில் லீக் கோப்பையையும் வென்றது. இப்போது அந்த இடம் தில்லிக்கு வந்திருக்கிறது. புனேக்காரன் இழந்ததை ஹைதராபாத்காரன் பெற்றான். அவன் இழந்ததை நான் பெறுகிறேன். கச்சிபௌலி மைதானத்துக்கு வெளியே டிக்கெட் இல்லாமல் நின்ற பையன்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள் அல்லவா?

இதை மாமாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "போனவன திட்டு, நியாயம். வந்தவன ஏண்டா திட்டுற? நானும் நரேலாவுக்கு வந்தவன்தான். எனக்கு முன்னாடி அங்க யாரு எத விட்டுட்டுப் போனாங்கன்னு கேட்டுக்கிட்டா இருக்க முடியும்? கதவத் தொறந்தேன், பாய விரிச்சேன்."

"நீங்களா போனீங்க? அனுப்பினாங்க."

"அந்த ஆட்டக்காரனுங்க மட்டும் அவங்களாவா வரானுங்க?"

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மாமா சொல்வது பாதி சரி என்று தோன்றுகிறது. மற்றப் பாதியில் நான் இன்னும் பிடிவாதமாகத்தான் இருக்கிறேன். ஓர் அணியை ஓர் ஊரிலிருந்து பெயர்த்து இன்னோர் ஊரில் நடுகிறவர்களிடம், பெயர்த்த குழியை என்ன செய்தீர்கள் என்று யாராவது ஒருவன் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாமா? நவம்பரில் இன்னொரு செய்தி வந்தது. எங்கள் ஸ்டேடியத்தையே இடித்துவிட்டு அந்த இடத்தில் விளையாட்டு நகரம் ஒன்று கட்டும் திட்டம் இருக்கிறதாம். மாமாவிடம் அதைச் சொல்லவில்லை, அவரே படித்திருப்பார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க ஜங்க்புரா போனேன். நோட்டையும் எடுத்துப் போனேன். மேசையின் மேல் வெள்ளைக் கோட்டு விரித்துக் கிடந்தது. 2025-க்கு உரிய பக்கத்தில் தேதியைத் தவிர ஒன்றும் எழுதவில்லை என்று காட்டினேன். "நல்ல எடுப்பு என்ன எழுதட்டும் மாமா?" என்றேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். "மொதல்ல நீ எழுது. அப்புறம் நான் தப்புன்னு சொல்றேன்" என்றார்.

முனையிலிருந்த கடையில் தேநீர் வாங்கி வந்தேன். யார் கணக்கு என்று தீர்ப்புச் சொல்ல அக்கா இல்லை. நானே காசு கொடுத்தேன். சர்க்கரை அதிகம். ஆறு மணிக்குமேல் மேசையை மடித்து மரத்தோடு சங்கிலியிட்டுவிட்டு, இருவரும் மெட்ரோவுக்கு நடந்தோம். ஜங்க்புராவை அடுத்த நிலையம் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம். வண்டி தரைக்கு அடியில்தான் போகிறது, ஒன்றும் தெரியாது. அறிவிப்பில் அந்தப் பெயரைச் சொன்னபோது மாமா என் முழங்கையை இடித்து, "நாலு ஒண்ணு" என்றார்.